தூக்குவாளி மூடி

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் தாமிரபரணி வந்து போன பிறகு சுவரில் ஒரு கோடு இருந்தது. என் தலைக்கு ஒரு சாண் மேலே. 2023 டிசம்பர் 17ஆம் தேதி பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகு வாசித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாசல்படி, திண்ணை, சன்னல் கட்டை என்று ஆறு ஒவ்வொன்றாக ஏறி வந்ததுதான். அம்மாவைப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வந்து பார்த்தேன். கோட்டுக்குக் கீழே எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. ஆச்சியின் படம் கோட்டுக்குக் கீழேதான் மாட்டியிருந்தது.

அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி பீரோவைப் பற்றி இல்லை. "அம்மை படம் என்னாச்சுல?"

நனைந்த படத்தைக் கண்ணாடியோடு காயவிட்டால் பிறகு இரண்டையும் பிரிக்கவே முடியாது. தாளின் மேல் இருக்கும் ஜெலட்டின் ஊறி, பசையாகி, கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் போவதற்குள் நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, தானாகக் கழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். பிலிம் கழுவிய காலத்து ட்ரே ஒன்று பரணில் தப்பியிருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிப் படத்தைச் சட்டத்தோடு உள்ளே வைத்தேன். முதலில் சேறு கலைந்தது. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்று. ஆச்சியின் வலது கன்னத்திலிருந்து வெள்ளையாக ஏதோ பால்போல் கரைந்து வந்தது.

நான் ஆச்சியைப் பார்த்ததில்லை. அவள் 1970இல் போய்ச் சேர்ந்தாள். நான் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. எனக்குத் தெரிந்த ஆச்சி அந்தப் படம்தான். தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுத்த முகம், மை தீட்டியதுபோல் புருவம், சிவப்பாகக் குங்குமம். ஆனால் அம்மா வாய்க்கு வாய் சொல்லுவாள், "எங்க அம்மை நல்ல கருப்பு. எண்ணெய் தேச்சு நின்னா தகதகன்னு இருப்பா." படத்தையும் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பார்க்கச் சின்ன வயசில் எனக்குத் தெரியவில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

1990இல் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றதும் திருநெல்வேலி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். ரத வீதியை ஒட்டிய சந்தில் மாடி. படி ஏறியதும் ஒரு நிலைக்கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. உள்ளே தூணும் மாடிப்படியும் தோட்டமும் வரைந்த திரை. ஸ்டூடியோக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே. இளவயதில் கோடம்பாக்கத்தில் லைட் தூக்கிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பேச்சு குறைவு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் சைஸ், சில சமயம் துட்டி வீடு. சடங்கான பிள்ளையைப் பூ ஜடையோடு கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, முகமும் ஜடையும் ஒன்றாக விழும்படி எடுப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. கண்ணாடியில் கேமராவும் தெரியக் கூடாது, விளக்கும் தெரியக் கூடாது. அந்தப் பிள்ளை கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கும். அவர் அரையங்குலம் அரையங்குலமாக ஸ்டூலை நகர்த்துவார்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு சட்டி இருந்தது.

ரத வீதிப் பாத்திரக் கடையில் வாங்கிய அலுமினிய பேசின் அது. கல்யாண வீட்டில் அரிசி களைய வைத்திருப்பார்களே, அந்த அளவு. வாய் அகலம் இரண்டடிக்கு இரண்டங்குலம் குறைவு. அடியில் ஓட்டை போட்டு, ஹோல்டர் செருகி, ஐந்நூறு வாட் பல்பு மாட்டியிருந்தார். பல்புக்கு முன்னால், நான்கு விரல் இடம் விட்டு, மூன்று நீளப் போல்ட்டில் ஒரு தூக்குவாளி மூடி நின்றது. எனக்குப் புரியவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு அதை எதற்கு மூட வேண்டும்? கேட்டேன். அவர் மூடியைக் கழற்றி என் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பிப் போட்டார். கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி மூடியை முடுக்கிவிட்டுப் போட்டார். பார்க்க முடிந்தது.

"ஏல, வெளிச்சம் நேரா வந்து மூஞ்சியில அறையக் கூடாது. எங்கயாவது போய் முட்டிட்டுத் திரும்பி வரணும். ஒருக்கா இல்ல, ரெண்டு மட்டம்."

இரண்டு மட்டம் என்பது கணக்கான பேச்சு. பல்பிலிருந்து மூடியின் உள்பக்கத்துக்கு, அங்கிருந்து பேசினின் குழிவுக்கு, அதற்குப் பிறகுதான் முகத்துக்கு. பேசினின் உள்ளே அவர் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார். முதலில் அலுமினியத்தைப் பளபளவென்றே விட்டிருந்தாராம். அப்போது நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் சுள்ளென்று உட்கார்ந்ததாம். வெள்ளை அடித்ததும் அது கொஞ்சம் தணிந்தது. பல்புச் சூட்டில் பெயிண்ட் பழுத்துப் பொருக்கு விடும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பது என் வேலை.

பதினாறு வருஷம் கழித்து, சென்னையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தபோது, ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக் கிண்ணம் நின்றது. நடுவில் வட்டத் தகடு, மூன்று கம்பி. "இதுதான் பியூட்டி டிஷ்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. அது அண்ணாச்சியின் சட்டி. அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோடம்பாக்கத்தில் எங்கோ கண்ணால் பார்த்ததை, டவுன் பாத்திரக் கடையில் கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார். நடுத் தகடு தூக்குவாளி மூடி என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்ட கணக்குகள் பல. கடையில் கிடைக்கும் டிஷ் பதினாறு அங்குலத்திலிருந்து இருபத்தெட்டு அங்குலம் வரை இருக்கும். அதிகம் விற்பது இருபத்திரண்டு. அண்ணாச்சியின் பேசினும் இருபத்திரண்டுதான். டிஷ்ஷின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரத்திலிருந்து அதன் இரண்டு மடங்கு தூரத்துக்குள் முகம் இருக்க வேண்டும். அதைத் தாண்டித் தள்ளி வைத்தால் டிஷ்ஷின் குணமே போய், வெறும் விளக்காகிவிடும். இதைப் புரிந்துகொள்ளச் சூரியனை நினைத்தால் போதும். அத்தனை பெரிய சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம்தான். அதனால்தான் சித்திரை வெயிலில் நிழலின் ஓரம் கத்தி வெட்டு மாதிரி இருக்கிறது. மூன்றடி தள்ளி நிற்கும் இருபத்திரண்டு அங்குல டிஷ் முப்பது பாகைக்கும் மேல் அகலமாகத் தெரியும். நிழலின் ஓரம் கரைய ஆரம்பிக்கும். ஆனால் துணிப்பெட்டி போன்ற பெரிய சாஃப்ட்பாக்ஸில் கரைவதுபோல் முழுசாகக் கரையாது. கன்ன எலும்பு எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்பது தெரியும். பக்கத்தில் வைப்பதால் இன்னொன்றும் நடக்கும். இரண்டடியில் கிடைக்கும் வெளிச்சம் நான்கடியில் ஏறக்குறையக் கால் பங்காகிவிடும். முகம் ஒளிர, காதும் கழுத்தும் மெல்ல இருட்டுக்குள் பின்வாங்கும்.

டிஷ்ஷின் வாயில் தேன்கூடு மாதிரிக் கண்ணறைத் தகடு மாட்டினால் வெளிச்சம் பக்கவாட்டில் சிந்தாது. துணியுறை போட்டால் இன்னும் மென்மையாகும். ஆனால் துணியுறை போட்ட டிஷ் சின்ன சாஃப்ட்பாக்ஸ் மாதிரி ஆகிவிடும் என்பது என் கட்சி. அதற்கு சாஃப்ட்பாக்ஸே வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டறையில் பார்த்த டிஷ் போவன்ஸ் மவுண்ட்டில் மாட்டுவது. இங்கிலாந்தில் அந்த போவன்ஸ் கம்பெனியே 2017இல் மூடிவிட்டது. அது உண்டாக்கிய மாட்டும் வளையம் மட்டும் வேறு வேறு கம்பெனி விளக்குகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. திருநெல்வேலிக் கல்யாண மண்டபங்களிலும் பார்க்கிறேன்.

அண்ணாச்சி சட்டியை எப்போதும் முகத்துக்கு நேரே, கொஞ்சம் மேலே, மூக்கின் வரிசையில் வைப்பார். மூக்குக்குக் கீழே நிழல் ஒரு நெல்மணி அளவுக்கு விழ வேண்டும். "மீசையாட்டம் விழுந்துச்சுன்னா லைட்டு ரொம்ப மேல இருக்குன்னு அர்த்தம்." ஹாலிவுட்டில் அந்த நிழலுக்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர். 1932இல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க், நடிகை மார்லீன் டீட்ரிக்கின் முகத்தை அப்படி உச்சியிலிருந்து ஒளியூட்டிக் காட்டியதுதான் இன்றைக்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கன்னங்கள் வெள்ளைக் கன்னங்கள். எங்கள் மாடிக்கு ஏறி வந்தவர்கள் பேட்டையிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வெயிலில் வந்தவர்கள்.

வந்ததும் கண்ணாடி முன் நின்று பவுடர் போடுவார்கள். எத்தனை பேர்! வியர்வை மேல் பவுடர், அதன் மேல் இன்னும் பவுடர். "கொஞ்சம் வெளுப்பா வரும்படி எடுங்க அண்ணாச்சி." நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் தேய்த்தால் அந்த இடம் அச்சில் வெளுக்கும். ஊருக்கு ஊர் அப்படித்தான் செய்தார்கள். பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் கேட்கவே வேண்டாம். கலர் வந்த பிறகும் தீரவில்லை. கோடாக் கம்பெனி, லேபுகள் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. ஷெர்லி அட்டை என்பார்கள். எங்கள் முகங்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அண்ணாச்சி பவுடரைத் துடைக்கச் சொல்லுவார். தோளில் கிடக்கும் குற்றாலத் துண்டின் ஓரத்தை நனைத்துக் கொடுப்பார். சில பேர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். போனவர்களைக் கூப்பிட மாட்டார்.

கருத்த தோல் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். திருப்பித் தருவது குறைவு. ஆனால் தோலின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையும் ஈரமும் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பும், உள்ளே இருப்பது எந்த நிறமாக இருந்தாலும். அதனால் கருப்பு முகத்தின் வடிவத்தை எழுதுவது அந்த மினுக்கம்தான். பவுடர் அந்த மினுக்கத்தைத்தான் முதலில் கொல்லும். நேரே அடிக்கும் ப்ளாஷ் அதைச் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளாகச் சிதறடிக்கும். சட்டி அதை ஒரு பரப்பாக, ஓரம் மெல்லக் கரையும் பரப்பாக, நெற்றியிலும் கன்ன மேட்டிலும் படியவைக்கும். நான் இதைச் சொல்லத் தெரிந்துகொண்டது பட்டறையில். பார்க்கத் தெரிந்துகொண்டது அதற்கு வெகுகாலம் முன்னால், கோயிலில்.

கருங்கல் மூலவர் மேல் காப்பு எண்ணெய் பூசியிருக்கும். கருவறையில் சன்னல் இல்லை. தீபத் தட்டு மேலே போகும்போது நெற்றி வரும், இறங்கும்போது கன்னம், உதடு, மார்பு. வெளிச்சம் நகர நகர எண்ணெயின் மினுக்கம் நகர்ந்து முகத்தை வரைந்துகொண்டே போகும். அந்தக் கருப்பை வெளுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதைப் பார்க்கத்தான் இடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைத் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். கர்ணன், அர்ச்சுனன், ரதி, குறத்தி என்று ஒரே கல்லில் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். கேமரா கொண்டுவரவில்லை. காலையில் போய் நடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தோம். மண்டபத்துக்குள் வெயில் நேரே விழவில்லை. வெளித்தரையில் விழுந்து, தரையிலிருந்து எழும்பித் தூண்களுக்கு வந்தது. விரல் நகம், கழுத்து மணி, தொடையில் புடைத்த நரம்பு எல்லாம் அந்தத் திரும்பி வந்த வெளிச்சத்தில் இருந்தன. "இதுக்கு ப்ளாஷ் போட்டு எடுத்தான்னு வையி, சுவரொட்டிதான்" என்றார். அன்று முழுதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

அந்த உட்கார்தலை நினைக்கும்போதெல்லாம் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா நினைவுக்கு வருகிறார். 1956இல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் மோதவிட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். முற்றத்தில் இறங்கும் வானத்து வெளிச்சம் கிடைத்துவிட்டது. முட்டித் திரும்பும் வெளிச்சம் நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. முற்றமும் தாழ்வாரமும் உள்ள வீட்டில் வளர்ந்தவனுக்கு அது தெரியும்.

குறுக்குத்துறையில் இன்னொரு விதம். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலுக்குப் பக்கத்துக் கல்மண்டபத்தில் காலை ஏழு மணிக்கு ஆளை உட்காரவைத்தால், மேலே மண்டபம் வெயிலை மறைக்கும். கீழே ஆறு வெளிச்சத்தை அள்ளி முகவாய்க்குக் கீழே போடும். ஸ்டூடியோவில் அதற்குத்தான் மடியில் தெர்மகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்வோம். வெள்ளம் வந்தால் அந்தக் கோயிலே மூழ்கும். அந்த டிசம்பரிலும் மூழ்கியது.

ட்ரேயில் ஆச்சியின் வலது கன்னம் கரைந்துகொண்டிருந்தது என்றேனே. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மா சொன்ன கருப்பு ஆச்சி அந்த வெள்ளைக்கு அடியில் இருப்பாள், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஆறே வந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அங்கே முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் பொரி சிதறினாற்போல் புள்ளிகள், அவ்வளவுதான்.

பிறகு அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆச்சியைத் தனியாக யாரும் படம் எடுத்ததே கிடையாது. அவள் போன பிறகு, ஏதோ ஒரு கல்யாண வீட்டு குரூப் படத்தில் நாலாவது வரிசையில், பந்தல் நிழலில், நின்றிருந்த தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கலங்கிப்போக, ஒரு ஸ்டூடியோவில் பிரஷ்ஷால் எழுதி முடித்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அப்போது அப்படித்தான். புருவம் எழுதியது, கண் எழுதியது. நிறமும் எழுதியதுதான். அவள் முகத்துக்கென்று ஒரு விளக்கை யாரும் தூக்கி வைக்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் சேமித்திருக்கிறார்கள். அவற்றைக் கணினியில் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். தூண் வரைந்த திரை முன்னால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி எத்தனை பெண்கள்! அவர்களில் எத்தனை பேருக்கு நிஜ முகம் வாய்த்தது என்று தேடிக்கொண்டே போவேன்.

கணினியில் ஆச்சியின் கன்னத்தைச் சரிசெய்து தரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். கருப்பாகவே செய்துதருகிறேன் என்றும் சொன்னேன். அவள் படத்தைக் கையில் வாங்கி, பாதி வெளுப்பும் பாதி சாம்பலுமான அந்த முகத்தை வெகு நேரம் பார்த்தாள். "வேண்டாம்பா. கெடக்கட்டும். இத்தனை வருஷம் இவளுக்குத்தான் பூ வச்சேன்."

நான் அதற்கு மேல் பேசவில்லை.

அண்ணாச்சி ஸ்டூடியோவை மூடியபோது சட்டியை எனக்குக் கொடுத்திருந்தார். மாடியில் கிடந்ததால் தப்பித்தது. ஐந்நூறு வாட் பல்பை எடுத்துவிட்டு இப்போது ப்ளாஷ் மாட்டியிருக்கிறேன். மூடி அதே மூடிதான், ஓரத்தில் யாரோ வீட்டுப் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். தை பிறந்து சுவருக்கு வெள்ளையடித்த பிறகு, ஒருநாள் முன்கட்டில் ஸ்டூல் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். முகம் கழுவிவிட்டு வந்தாள். உள்ளே போய்ப் பவுடர் போட்டுக்கொண்டு மறுபடி வந்தாள். நான் துண்டின் ஓரத்தை நனைத்துக் கொடுத்தேன். "எதுக்குல?" என்றாள். "சும்மா தொடைங்கம்மா" என்றேன். துடைத்தாள்.

சட்டியை அவள் நெற்றிக்கு மேலே, இரண்டரை அடியில் நிறுத்தினேன். மடியில் தெர்மகோல். மூக்குக்குக் கீழே நெல்மணி விழும்வரை ஸ்டாண்டை இறக்கி ஏற்றினேன். எழுபத்திரண்டு வயசுத் தோல். டிஷ் சுருக்கத்தை மறைக்காது; அதனால்தான் வயசானவர்களுக்கு இதை வைக்காதே என்று சொல்லுவார்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கி மினுங்கியது. பன்னிரண்டு எடுத்தேன்.

கேமராவின் பின்திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். கண் வரைக்கும் பெரிதாக்கினேன். கருவிழியில் வெள்ளையாக ஒரு வளையம், அதன் நடுவில் கருப்பாக ஒரு புள்ளி.

"இது என்னதுல, கண்ணுக்குள்ள?"

"வளையம் சட்டிம்மா. நடுவுல இருக்கது தூக்குவாளி மூடி."

அவள் எழுந்துபோய்ச் சட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். மூடியை விரலால் தொட்டு, சுடுகிறதா என்று பார்த்தாள். பிறகு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இன்னொண்ணு எடு" என்றாள்.